ஏரிக்கும் கடலுக்கும் ஒரே படகு போதுமா?

திருவண்ணாமலையில் கிரிவலம் முடித்த கையோடு சாத்தனூர் அணையைப் பார்த்துவிட்டு, மறுநாள் புதுச்சேரி சுண்ணாம்பாற்றில் படகு ஏறும் குடும்பங்கள் உண்டு. சாத்தனூரில் தேங்கும் தென்பெண்ணைத் தண்ணீரும் கடைசியில் கடலூர் அருகே வங்கக் கடலில்தான் கலக்கிறது. ஆறு கடலுக்குப் போகிறது, சரி. ஆற்றில் ஓடும் மோட்டார் படகும் அப்படியே கடலுக்குப் போகலாமா?

சொந்தமாகவோ சுற்றுலாத் தொழிலுக்காகவோ படகு வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பயணியாக ஏறுபவர்களுக்கும் பதில் தெரிந்திருப்பது நல்லது.

அடிப்பாகம் எப்படி?

தட்டையான அடிப்பாகம் கொண்ட படகு, ஆழமில்லாத நீரிலும் தரை தட்டாமல் போகும். அமைதியான ஏரியில் அதிகம் ஆடாது. ஆனால் கடல் அலையில் 'தொப் தொப்'பென்று அடிக்கும். முதுகு வலிக்கும், தண்ணீரும் உள்ளே தெறிக்கும். 'வி' வடிவ அடிப்பாகம் அலையைக் கிழித்துக்கொண்டு போகும். ஆனால் அதற்குக் கூடுதல் ஆழமும் இன்ஜின் சக்தியும் தேவை. நிற்கும்போது கொஞ்சம் ஆடும். இரண்டு இடத்துக்கும் ஒரே படகு என்றால், மிதமான 'வி' வடிவமும் உயர்ந்த பக்கச் சுவரும் உள்ளதே பொருத்தம்.

இன்ஜின்?

பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டார் வசதியானது. ஆழம் குறைந்த இடத்தில் மேலே தூக்கிவிடலாம். கடலுக்குப் போய் வந்த ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் விட்டு உள்ளே அலச வேண்டும். இல்லாவிட்டால் உப்பு அரித்துவிடும். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு அவசரத்துக்கு என்பது கடலோடிகளின் கணக்கு.

தகட்டைப் படியுங்கள்

ஐரோப்பிய விதிப்படி தயாரான படகுகளில் ஏ, பி, சி, டி என்று தரம் குறித்த தகடு இருக்கும். 'டி' ஏரி, கால்வாய் போன்ற அமைதியான நீருக்கு. 'சி' என்றால் கரையோரக் கடலில் 2 மீட்டர் அலை வரை தாங்கும் வடிவமைப்பு. கரையோரம் போக 'சி'யாவது வேண்டும். எத்தனை பேர் ஏறலாம் என்பதும் தகட்டிலேயே இருக்கும்.

இன்னொரு விஷயம். கடல் நீர் நல்ல தண்ணீரைவிடச் சுமார் 2.5 சதவிகிதம் கனமானது. அதனால் அதே எடையுடன் அதே படகு, கடலைவிட ஏரியில் சற்று ஆழமாக அமிழும். ஏரிதானே என்று கூடுதலாக ஆள் ஏற்றக் கூடாது.

முகத்துவாரம்தான் கண்டம்

ஏரியைவிட, கடலைவிட, இரண்டும் சேரும் இடம்தான் ஆபத்தானது. மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். வற்றும் நேரத்தில் வெளியே ஓடும் நீர், உள்ளே வரும் அலையோடு மோதி அலையைச் செங்குத்தாக எழுப்பும். நேற்று போன வழி இன்று இருக்காது. உள்ளூர் மீனவரைக் கேட்காமல் அங்கே நுழையவே கூடாது.

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில், கடலை ஒட்டிய கழிமுகத்தில் சுற்றுலாப் படகு கவிழ்ந்ததிலும் 22 உயிர்கள் போயின. அது மீன்பிடிப் படகாக இருந்து சுற்றுலாப் படகாக மாற்றப்பட்டது. அளவுக்கு மீறி ஆட்களும் ஏற்றப்பட்டிருந்தார்கள். ஒரு வேலைக்குச் செய்த படகை இன்னொரு வேலைக்கு இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

காகிதமும் வேண்டும்

உள்நாட்டு நீர்வழியில் ஓடும் இயந்திரப் படகுக்கு 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலன்கள் சட்டப்படி ஆய்வு, பதிவு, காப்பீடு தேவை. கடலுக்கான விதிகள் வேறு. ஏரிக்கு வாங்கிய அனுமதியைக் காட்டிக் கடலில் இறங்க முடியாது.

வாங்குபவருக்கு ஒரே வரி: கடலுக்குத் தகுந்த படகு ஏரியில் ஓடும், ஏரிப் படகு கடலுக்கு ஆகாது. ஏறுபவருக்கு மூன்று கேள்விகள்: எத்தனை பேர் ஏறலாம்? குழந்தைக்குச் சரியான அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? படகு முகத்துவாரம் வரை போகுமா? பதில் சரியில்லை என்றால், கரையில் நின்று சுண்டல் சாப்பிட்டபடி வேடிக்கை பாருங்கள். அதுவும் சுகம்தான்.