இறால் குளத்து விரிப்பும் ஊர்க் கிணறும்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில் 1980களில் பரவத் தொடங்கிய இறால் வளர்ப்பு, இன்று தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் பலவற்றின் சீவனோபாயமாக விளங்குகின்றது. 1996ஆம் ஆண்டில் வெண்புள்ளி நோய் இத்தொழிலை நிலைகுலையச் செய்தது. குளத்து நீரை வெளிநீரோடு கலக்கவிடாது காப்பதன் அவசியத்தை அந்த அனுபவம் உணர்த்தியது. மணற்பாங்கான நிலங்களில் தடித்த பொலித்தீன் விரிப்பு இடுவது அதற்கான வழிகளுள் ஒன்றாகும்.

எனினும், விரிப்பை இட்டதுடன் கசிவு நின்றுவிடும் எனக் கருதுவது தவறாகும். நீரை வெளியேற்றும் குழாய் விரிப்பைத் துளைத்துச் செல்லும் இடமே அதன் பலவீனமான இடமாகும்.

இக்கசிவு பண்ணையாளரின் நட்டத்தோடு முடிவதில்லை. கற்பிட்டிக் குடாநாட்டின் மணலுக்கடியில், உவர்நீரின் மேல் மழைநீர் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. குடிநீரும் வெங்காயச் செய்கையும் அதிலேயே தங்கியுள்ளன. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இம்மாவட்டக் கரையோரத்தில் குடியேறிய முஸ்லிம் மக்களும் இத்தகைய கிணறுகளையே நாடினர்.

ஆயிரம் சதுர மீற்றர் பரப்புடைய குளத்தில் நாளொன்றுக்கு 1 மில்லிமீற்றர் நீர் கசிந்தால், அது 1,000 லீற்றராகும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 19 கிராம் குளோரைட் உண்டு. லீற்றருக்கு 250 மில்லிகிராமைக் கடந்தாலே குடிநீரின் சுவை மாறத் தொடங்கும். எனவே, கடல்நீரின் உவர்ப்புடைய ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 75 லீற்றர் நன்னீரைக் கெடுக்க வல்லது.

இதனைத் தவிர்க்கும் முறை கடினமானதன்று. குழாயின் வாயில் அமையும் விளிம்புத் தட்டை முதலில் கொங்கிறீட்டில் அசையாது பதிக்க வேண்டும். சுற்றியுள்ள மண் நன்கு இறுக்கப்படாவிடின், அது பின்னர் தாழ்ந்து விரிப்பைக் கிழித்துவிடும். தட்டின் மேல் இறப்பர் வளையம், அதன்மேல் விரிப்பு, மீண்டும் இறப்பர் வளையம், இறுதியாக மேல்வளையம் என்ற ஒழுங்கில் அடுக்கித் திருகாணிகளால் இறுக்க வேண்டும். விரிப்பு சுருக்கமின்றியும், இழுபடாமல் சற்றுத் தளர்வாகவும் இருத்தல் அவசியம். இறுக்கி முடித்த பின்னரே வளையத்தின் உட்பகுதியிலுள்ள விரிப்பை வெட்ட வேண்டும். முன்னரே வெட்டினால் துளை விலகிவிடும்.

திருகாணிகள் துருப்பிடிக்காத உருக்கினால் ஆனவையாக இருத்தல் வேண்டும்; சாதாரண இரும்பு உவர்நீரில் விரைவில் அரிக்கப்படும். எதிரெதிரான ஆணிகளை மாறிமாறிச் சமமாக முடுக்க வேண்டும். அளவுக்கு மீறி முடுக்கினால் இறப்பர் பிதுங்கிவிடும். சிலிக்கன் பசை பொலித்தீனில் உறுதியாக ஒட்டுவதில்லை. ஆகவே அதனை மட்டும் நம்பலாகாது. துளையே இன்றிக் குளக்கட்டின் மேலாகப் பம்பியினால் நீரை வெளியேற்றுவது இன்னும் பாதுகாப்பானது.

குஞ்சுகளை விடுவதற்கு முன்னர் ஓர் எளிய சோதனை போதுமானது. குளத்து நீரை ஒரு வாளியில் நிரப்பி, வாளியைக் குளத்திலேயே நிறுத்தி, இரண்டின் நீர்மட்டத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். மழையற்ற 24 மணித்தியாலத்தின் பின், வாளியை விடக் குளத்தில் நீர் கூடுதலாகக் குறைந்திருப்பின் கசிவு உண்டு.

புதிய குளங்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகள் இச்சோதனையைக் கட்டாயமாக்குதல் வேண்டும். உவர்நீர் புகுந்த கிணறு மீள்வதற்குப் பல மாரிகள் தேவைப்படலாம். ஓர் இறப்பர் வளையத்தை மாற்றுவதற்கோ அரைநாள் போதுமானது.