எல்லைக் காடு – 9: எந்தத் துப்பாக்கி என்பதை நிலம் சொல்லும்

நுவரெலியா மலையில் நாய்க்கூட்டத்தை ஏவிவிட்டு, இடுப்புக் கத்தியோடு பின்னால் ஓடி ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் வேட்டையாடிய விலங்கை, 1854-இல் வெளிவந்த தம் இலங்கை வேட்டை நூலில் அவர் ‘எல்க்’ என்று எழுதினார். அது எல்க் அல்ல. இலங்கைத் தமிழர் மரை என்றும், நம் பக்கத்தில் கடமான் என்றும், மூணாறு, மறையூர்க்காரர்கள் மிளா என்றும் சொல்லும் மான்தான் அது. நிஜ எல்க் அமெரிக்க மலைகளில் வாழ்வது. ஆனாலும் பேக்கர் எழுதிய பெயரில் ஒரு பொருத்தம் உண்டு. நன்கு வளர்ந்த ஆண் மிளா 200 கிலோவைத் தாண்டும், சில 300-ஐயும் தொடும். அமெரிக்க ஆண் எல்க்கும் 300 கிலோவை ஒட்டித்தான் நிற்கும். அவ்வளவு பெரிய உடம்பை ஒரே வெடியில், துடிக்கவிடாமல் சாய்க்க எந்த அளவுத் தோட்டா வேண்டும்? அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு இரண்டு கட்சிகள் உருவாயின. ஜாக் ஓ’கானர் என்ற எழுத்தாளர், இலேசான குண்டு வேகமாகப் போனால் போதும் என்று .270 ரைபிளுக்காக வாழ்நாளெல்லாம் வாதாடினார். எல்மர் கீத் என்பவர், கனத்த குண்டும் அகன்ற துளையும் இல்லாமல் எல்க் பக்கமே போகாதே என்றார். இருவரும் போய்விட்டார்கள், சண்டை இன்னும் ஓயவில்லை. துளையின் அளவை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாத கேள்வியை, துளையின் அளவை வைத்தே தீர்க்கப் பார்த்ததுதான் அதற்குக் காரணம் என்பது என் கருத்து. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் நம் எல்லையோரக் கிராமங்களில் இன்று காட்டுப்பன்றியை முன்வைத்து நடக்கும் பேச்சும் இதே தடத்தில்தான் போகிறது.

துப்பாக்கியின் எண்ணை இந்த நாட்டில் விலங்கு முடிவு செய்ததே இல்லை, அரசாங்கத்தின் அச்சம்தான் முடிவு செய்தது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். ராணுவத் தோட்டா கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்று பயந்த வெள்ளை அரசு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 அளவுத் தோட்டாக்களை இந்தியாவுக்குள் விடாமல் தடுத்தது. யானைக்கும் காட்டெருமைக்கும் அதையே நம்பியிருந்த வேட்டைக்காரர்களுக்காக லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470 என்று புதிய அளவுகளைப் படைத்தன. .303 ராணுவத்துடையது என்பதால் இன்றும் குடிமக்களுக்கு விலக்கப்பட்ட அளவு. இஷாப்பூர் தொழிற்சாலை குடிமக்களுக்கென்று .315 ரைபிளைச் செய்வதும் அதனால்தான். மூணாறின் தேயிலைத் துரைமார் இரவிகுளம் புல்வெளியைத் தங்கள் வேட்டைக்களமாக வைத்துக் காத்ததும், முதுவர்களைக் காவலுக்கு அமர்த்தியதும் பழைய கதை. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதையை முடித்தது. 1978-இல் இரவிகுளம் தேசியப் பூங்காவானது. மிளாவைச் சுடுவது இன்று குற்றம். ‘எந்தத் தோட்டா?’ என்று இந்த மலையில் ஒருவர் சட்டப்படி கேட்கக்கூடிய பெரிய விலங்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சம்: காட்டுப்பன்றி.

2022 மே மாதம் கேரள அரசு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்தது. துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களைப் பஞ்சாயத்து பட்டியலிட்டு அழைக்கலாம். விஷம், வெடி, மின்சாரம் மூன்றும் கூடாது. நல்ல உத்தரவு என்றே நினைக்கிறேன். ஆனால் அழைத்தால் வரும் ஆளின் கையில் என்ன இருக்கிறது என்பதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எல்க் சுடப் போகிறவனுக்குச் சட்டமே கீழ் எல்லை வகுத்திருக்கிறது: துளை .24-க்குக் குறையக்கூடாது, குண்டு 85 கிரெயினுக்குக் குறையக்கூடாது, பட்டவுடன் விரியும் வகையாக இருக்க வேண்டும், நூறு கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் மிச்சமிருக்க வேண்டும். அந்தச் சட்டம் விலங்கின் பக்கம் நின்று யோசிக்கிறது. நம்முடைய 1959 ஆயுதச் சட்டம் ஆளைப் பார்த்து எழுதப்பட்டது. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ என்றால் 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்பான குழல், பயிர்க் காவலுக்கு என்றால் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி, இவற்றுக்கு உரிமம் தருவதில் அது தாராளம் காட்டுகிறது. அதனால்தான் ஊர்ப்புறத்தில் உரிமம் உள்ள துப்பாக்கி என்றாலே பெரும்பாலும் பன்னிரண்டு போர் என்றாகிவிட்டது.

அந்தப் பன்னிரண்டு போர் தோட்டாவைக் கையில் வைத்துப் பார்த்தால் விஷயம் பாதி விளங்கிவிடும். கட்டைவிரல் தடிமனில் ஒரு குழாய், அடியில் பித்தளைத் தொப்பி, நடுவில் துப்பாக்கியின் குதிரை வந்து தட்டும் சிறு வட்டம். பன்னிரண்டு என்பது அங்குலமோ மில்லிமீட்டரோ அல்ல. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு அகலமோ அதுதான் துளை, ஏறத்தாழ பதினெட்டரை மில்லிமீட்டர். எண் சிறிதானால் துளை பெரிது. உள்ளே கொக்குக்கும் காடைக்கும் உரிய கடுகு ரவையும் இருக்கலாம், எல்.ஜி. என்னும் பெரிய ரவையும் இருக்கலாம். எல்.ஜி. ஒன்பது மில்லிமீட்டர் உருண்டை, ஓர் அவுன்ஸுக்கு ஆறு. குழலைவிட்டு வெளியே வந்த நொடியிலிருந்து அந்த ஆறும் ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தொடங்கும். கஜத்துக்கு ஓர் அங்குலம் என்பது பழைய கணக்கு. பதினைந்து கஜத்தில் ஒரு முழத்துக்குள் அடங்கும் ரவை, முப்பது கஜத்தில் முக்கால் மீட்டருக்குப் பரந்துவிடும். பன்றியின் உயிர்நிலையோ ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்தான். முன்னங்காலை ஒட்டி, உடம்பின் கீழ்ப்பாதியில், பலரும் நினைப்பதைவிடத் தாழ்வாக இருக்கிறது இதயம். வளர்ந்த ஆணுக்கு அதன்மேல் தோள்பட்டையில் குருத்தெலும்பு போல் இறுகிய தோல் கவசம் வேறு. முப்பது கஜத்தில் ஆறில் இரண்டு ரவை பட்டால் அதிகம். அவையும் குடலில் பட்டால் பன்றி காட்டுக்குள் போய் இரண்டு நாள் கழித்துச் சாகும், அல்லது மறுநாள் காலையில் புல்லறுக்கப் போகிறவர் மேல் பாயும்.

இங்கேதான் விவசாயிகள் தரப்பின் வாதம் வருகிறது, அது வலுவான வாதம். பன்னிரண்டு போர் காயப்படுத்தும், கொல்லாது. ஆகவே ரைபிள் கொடுங்கள் என்கிறார்கள். .315 தோட்டா ஏறத்தாழ பதினாறு கிராம் குண்டை நொடிக்கு அறுநூறு மீட்டரை ஒட்டிய வேகத்தில் தள்ளுகிறது. முனை மென்மையான குண்டு உடம்புக்குள் காளான்போல் விரியும். நூறு கிலோப் பன்றிக்கு இது தாராளம், மிளாவுக்கே போதும். எண்பது மீட்டரில் இருந்தும் நின்று நிதானித்து ஒரே குண்டில் முடிக்கலாம். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. கொல்லும் திறனை மட்டும் பார்த்தால் ரைபிளே மேல். ஆனால் குண்டு பன்றியோடு நின்றுவிடுவதில்லை. தவறிய குண்டும், சதையைத் துளைத்து வெளியேறிய குண்டும் எங்கே போய் அமர்கின்றன என்பதுதான் இந்த ஊர்களில் முதல் கேள்வி. ரைபிள் குண்டு வானம் பார்த்துப் போனால் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் உயிரைக் குடிக்கும். எல்.ஜி. ரவை அறுநூறு, எழுநூறு மீட்டரில் விழுந்துவிடும்.

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கத்து நிலத்தை நினைத்துப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாயின் வாயில் தட்டையாக விரிந்த நெல்வயல், கடலைக்காடு, தென்னந்தோப்பு. தோப்புக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு விளக்கு. வரப்பைத் தவிர மேடு கிடையாது. இரவில் டார்ச் வெளிச்சத்தில், தரைமட்டத்தில் நின்று ரைபிளை நீட்டினால் குண்டுக்குப் பின்னால் இருப்பது இருட்டு மட்டுமல்ல, யாரோ ஒருவருடைய திண்ணையும்தான். அங்கே பன்னிரண்டு போரே சரி. ஆனால் அதற்கு உரிய விதியோடு: எல்.ஜி. மட்டும், இருபது மீட்டருக்குள் மட்டும், பரண்மேல் உட்கார்ந்து கீழ்நோக்கி மட்டும். பத்தடி உயரப் பரண் ஒன்று கட்டிவிட்டால், தவறிய ரவையை அந்த வயலின் சேறே வாங்கிக்கொள்ளும். காந்தளூரும் வட்டவடையும் வேறு. பூண்டும் உருளையும் கேரட்டும் விளையும் படிக்கட்டு வயல்கள். ஒவ்வொரு படிக்கும் பின்னால் மலையே சுவர். எதிர்ச்சரிவில் நிற்கும் பன்றியை அறுபது, எழுபது மீட்டரில் சுட வேண்டியிருக்கும், அந்தத் தூரத்துக்குப் பன்னிரண்டு போர் எட்டாது. குண்டு போய்ப் புதைய மண் இருக்கிறது. அங்கே .315 தகும்; ஆனால் மேட்டின் உச்சியில் வானத்தை முதுகாக வைத்து நிற்கும் பன்றியை அங்கும் சுடக்கூடாது. ஏலக்காட்டுக்குள்ளோ எட்டடிக்கு அப்பால் கண் தெரியாது. அங்கே எந்தத் துப்பாக்கியும் வேண்டாம் என்பேன். கூண்டும் வேலியும்தான் பொருந்தும்.

தோட்டாவின் தரம்பற்றிப் பேசுவதே வேட்டைக்குக் கொடி பிடிப்பது என்று காட்டை நேசிப்பவர்கள் சிலர் கோபப்படுவார்கள். அவர்களுடைய அச்சம் எனக்குப் புரிகிறது. பன்றியின் பெயரால் மிளாவும் கேழையாடும் சட்டிக்குப் போகக்கூடும் என்பது வெறும் கற்பனை இல்லை. இருந்தாலும் மாற்று என்ன என்று பார்க்க வேண்டும். 2020 மே மாதம் மண்ணார்க்காடு அருகே வெள்ளியாற்றில் வாய் சிதைந்து நின்றபடியே செத்த கர்ப்பிணி யானையை நாடே பார்த்தது. தீனிக்குள் வெடி வைக்கும் பழக்கத்தின் பலி அது. நம் கோவைப் பக்கத்தில் அவுட்டுக்காய் என்பார்கள். 2022 மே மாதம், பாலக்காடு முட்டிக்குளங்கரை ஆயுதப்படை முகாமுக்கு அருகே வயலில் இரண்டு போலீஸ்காரர்கள் இறந்து கிடந்தார்கள். பன்றிக்காகக் கள்ளத்தனமாக இழுத்த மின்கம்பியில் சிக்கியவர்கள். வெடிக்கும் கம்பிக்கும் பன்றி எது, யானை எது, மனிதன் எது என்று தெரியாது. பார்த்துச் சுடுகிறவனுக்குத் தெரியும். கொல்ல அனுமதித்த பிறகு, அந்தக் கொலை சுத்தமாக நடக்க வேண்டும் என்று கேட்பது விலங்கின் பக்கம் நிற்பதுதான்.

ஆகவே பஞ்சாயத்துப் பட்டியலில் பெயரும் உரிம எண்ணும் மட்டும் போதாது. யாரிடம் என்ன துப்பாக்கி, என்ன தோட்டா, எந்த வார்டின் எந்த நிலத்துக்கு அவரை அழைக்கலாம் என்று மூன்று பத்தி சேர வேண்டும். இருபது மீட்டரில் ஒரு சாப்பாட்டுத் தட்டை ஐந்துக்கு ஐந்து அடிக்கிறாரா என்று வருஷத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கடுகு ரவையோடு வருகிறவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். இன்னொன்றும் உண்டு: தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்பது நடைமுறை. உள்ளாட்சி, சட்டசபை, பாராளுமன்றம் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் வாரக்கணக்கில் துப்பாக்கிகள் ஸ்டேஷன் அலமாரியில் கிடக்கும். பன்றிக்குத் தேர்தல் தேதி தெரியாது. பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு தரும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரின் பரிசீலனைக் குழுவிடம் இருக்கிறது. அடுத்த தேர்தலுக்கு முன்பே பஞ்சாயத்துகள் அந்த மனுவை எழுதிக் கொடுக்கலாம்.

(தொடரும்)