பிரியாணிக்குப் பிறகு ரத்தத்தில் நடப்பது

மதியம் பிரியாணியை ஒரு கை பார்த்தவரிடம் நாலு மணிவாக்கில் ரத்தம் எடுத்துத் தெளியவிட்டால், மேலே நிற்கும் மஞ்சள் நீர் பால் விட்டதுபோல் கலங்கித் தெரியலாம். எல்லாம் கொழுப்புதான். தண்ணீரில் கரையாத கொழுப்பைக் குடல் புரத உறை போட்டு உருண்டைகளாக்கி அனுப்புகிறது. கைலோமைக்ரான் என்று பெயர். இவை நேரே கல்லீரலுக்குப் போகாமல் நிணநீர்க் குழாய் வழியே சுற்றிவந்து கழுத்தடியில் ரத்தத்தில் கலக்கின்றன. அதனால் இந்தக் கொழுப்பு, அதாவது ட்ரைகிளிசரைடு, ரத்தத்தில் உச்சத்தைத் தொட மூன்று, நான்கு மணி நேரமாகும்.

பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரிய உருண்டைகளால் ஆபத்து குறைவு. தமனிச் சுவருக்குள் புக முடியாத பருமன் அவை. தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள நுண்குழாய்களில் ஒரு நொதி ட்ரைகிளிசரைடை உருவிக்கொண்டபின் மிஞ்சும் சிறிய எச்சம்தான் வில்லன். கொலஸ்ட்ரால் செறிந்த அதைக் கல்லீரல் சீக்கிரம் வாரிக்கொண்டால் சரி. தாமதித்தால் சுவருக்குள் நுழைந்து தங்கிவிடும். தமனி அடைப்பு சாப்பாட்டுக்குப் பிந்தைய சமாச்சாரம் என்று 1979-லேயே வாதிட்டார் அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் சில்வர்ஸ்மிட்.

சேதம் அதோடு நிற்பதில்லை. ட்ரைகிளிசரைடு ரத்தத்தில் நெடுநேரம் சுற்றினால் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல்., நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். இரண்டோடும் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. முடிவில் எல்.டி.எல். துகள்கள் சிறுத்து அடர்த்தியாகின்றன, எச்.டி.எல். குறைகிறது. சர்க்கரை நோயும் தொப்பையும் உள்ளவர்களிடம் இது அதிகம். நம் ஊர் ரிப்போர்ட்டுகளில் ட்ரைகிளிசரைடு ஏறி, எச்.டி.எல். இறங்கிக் கிடப்பது டாக்டர்களுக்குப் பழகிப்போன காட்சி.

ஒரு வேளை விருந்தால் யாருக்கும் அடைப்பு வந்துவிடாது. தினமும் மூன்று வேளை தின்று, இடையில் நொறுக்குத் தீனியும் தின்றால், முந்தைய எச்சம் தீருமுன் அடுத்தது வந்து சேர்கிறது. நெய்யும் டால்டாவும் நாள்பட எல்.டி.எல்.லை ஏற்றுவது தனிக் கணக்கு. விருந்துக்கு முந்தின நாள் நன்றாக நடந்திருந்தால் மறுநாள் ட்ரைகிளிசரைடு அவ்வளவு ஏறுவதில்லை. பலரும் கவனிக்காத சௌகரியம் இது.

வெறும் வயிற்றில்தான் லிப்பிட் டெஸ்ட் என்ற வழக்கமும் தளர்ந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்தாலும் போதும் என்று 2016-ல் ஐரோப்பிய நிபுணர் குழு சொன்னது. அப்படி எடுத்ததில் ட்ரைகிளிசரைடு 440 மி.கி./டெ.லி.-ஐத் தாண்டினால் மட்டும், பட்டினியோடு இன்னொரு முறை எடுத்துப் பார்க்கலாம் என்பது அவர்கள் யோசனை.