திறப்பு யாரிடம்?

ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் சொந்தக்காரர் சொல்கிற புதினங்களில் இப்போது ஒன்று கூடியிருக்கிறது. லண்டனில் குழந்தைப் பால்மா ரின்னைப் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்களாம், காசு கட்டும் இடத்தில்தான் திறந்து தருவார்களாம். நியூயோர்க்கில் பற்பசையும் சவர்க்காரமும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால். பொத்தானை அமத்திவிட்டு, திறப்போடு ஒரு பெடியன் வரும்வரை நிற்கவேண்டுமாம். "பற்பசைக்கோ பூட்டு?" என்று முதலில் வாயில் கை வைக்கிற பெரியம்மா, கொஞ்சம் பொறுத்து, "எங்கடை சந்திக் கடையிலையும் எல்லாம் கண்ணாடி அலுமாரிக்குள்ளைதானே கிடக்கு" என்பா.

பெரியம்மா இரண்டாவதாகச் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குள் சொல்லி முடியாது. பரவாயில்லை, கேத்தல் அடுப்பில்தான் இருக்கிறது.

ஊர்க் கடையில் வாங்குபவர் மேசைக்கு இந்தப் பக்கம், சாமான் அந்தப் பக்கம், நடுவில் முதலாளி. "அண்ணை, அரைக் கிலோ சீனி, ஒரு சவர்க்காரம், ரெண்டு பற்றரி" என்றால், அவர் எடுத்து, நிறுத்து, பேப்பர்ப் பையில் போட்டு, கணக்குப் பார்த்துக் காசை லாச்சிக்குள் போடுவார். தனியாகப் பூட்டு எதற்கு? மேசைதான் பூட்டு, முதலாளிதான் திறப்பு. நூறு வருடத்துக்கு முன்னர் உலகத்தில் அநேகமாக எல்லாக் கடைகளும் இப்படித்தான் இருந்தன, அமெரிக்கக் கடைகள் உட்பட.

அந்த மேசையைத் தூக்கி எறிந்தவர் கிளாரன்ஸ் சாண்டர்ஸ். 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்தார். ஆட்கள் உள்ளே வந்து, கூடையை எடுத்து, வேண்டியதைத் தாங்களே எடுத்துக்கொண்டு, வெளியே போகும் வழியில் காசு கட்டவேண்டும். அடுத்த வருடமே அந்த அமைப்புக்குக் காப்புரிமமும் வாங்கிவிட்டார். எடுத்துக் கொடுக்கும் ஆட்களின் சம்பளம் அவருக்கு மிச்சம். அதைவிடப் பெரிய லாபம் இன்னொன்று: மேசைக்கு இந்தப் பக்கம் நின்று வாயால் கேட்பதைவிட, அலுமாரிக்கு முன்னால் நின்று கையால் எடுப்பது கூட. சீனி வாங்க வந்தவர் பிஸ்கற்றும் எடுத்துக்கொண்டு போவார். கை நீளுகிற இடத்தில் களவும் நடக்கும் என்று சாண்டர்ஸுக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் உள்ளே போக ஒரு வழி, வெளியே வர ஒரு வழி, அந்த வழியில் காசாளர். கொஞ்சம் களவு போனாலும் கூடுதலாக விற்பது அதை விழுங்கிவிடும் என்ற கணக்கு அது. சுப்பர் மார்க்கெட் என்ற முழுக் கட்டடமும் அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

இலங்கைக்கு அது பிந்தித்தான் வந்தது. 1844இல் தொடங்கிய கார்கில்ஸ் நிறுவனம் தன் முதலாவது ஃபுட் சிற்றியைக் கொழும்பில் திறந்தது 1983இல். எங்களுக்கு அந்த ஆண்டு வேறு காரணத்துக்காக நினைவில் நிற்பது. பிறகு வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டில் சவர்க்காரமும் பற்றரியும் மண்ணெண்ணெயுமே தேடிப் பிடிக்கவேண்டிய பொருட்கள். 2006இல் ஏ9 பாதை திரும்பவும் மூடப்பட்டபோது சங்கக் கடை வாசலில் குடும்ப அட்டையோடு வரிசையில் நின்றதை நாற்பது வயதைத் தாண்டிய எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். தானாக எடுத்துக் கூடைக்குள் போடுவதற்கு அப்போது என்ன இருந்தது? யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் சதுக்கம் திறக்கப்பட்டது 2013இல். ஆக, அமெரிக்கர் நூறு வருடம் பழகிய பழக்கம் எங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வருடப் பழக்கம். நாங்கள் திறந்த அலுமாரிக்குப் பழகிக்கொண்டிருக்கும்போது அவர்கள் பூட்டத் தொடங்கிவிட்டார்கள்.

ஏன் பூட்டுகிறார்கள்? களவு கூடிவிட்டது என்பது குறுக்குப் பதில். முழுப் பதில் கொஞ்சம் சிக்கலானது.

கணக்குப் புத்தகப்படி இருக்கவேண்டிய சரக்குக்கும் அலுமாரியில் உண்மையாக இருக்கும் சரக்குக்கும் இடையில் எப்போதும் ஒரு பள்ளம் இருக்கும். வெளியாள் களவு அதில் ஒரு பங்குதான். அமெரிக்காவின் தேசிய சில்லறை வியாபாரக் கூட்டமைப்பு 2022ஆம் ஆண்டுக்குக் கொடுத்த கணக்கில் அந்த இழப்பு விற்பனையில் 1.6 வீதம். அதில் வெளியாள் களவு 36 வீதம், உள்ளே வேலை செய்பவர்களின் களவு 29 வீதம், எழுத்துப் பிழை, எண்ணிக்கைப் பிழை, நிர்வாகக் குழறுபடி 27 வீதம். கண்ணாடிக் கதவு இதில் முதலாவதை மட்டுந்தான் தடுக்கும். இரண்டாவதைச் செய்கிறவரின் கையில்தானே திறப்பே இருக்கிறது.

இதே கூட்டமைப்பு, 2021இன் இழப்பில் அரைவாசியளவு கூட்டாகச் சேர்ந்து களவெடுக்கும் கும்பல்களால் வந்தது என்று எழுதிவிட்டு, 2023 டிசெம்பரில் அதை மீளப் பெற்றுக்கொண்டது. வோல்கிறீன்ஸ் மருந்துக் கடைத் தொடரின் நிதி அதிகாரியும் 2023 ஜனவரியில், முந்தைய வருடம் கொஞ்சம் அளவுக்கு மிஞ்சி அழுதுவிட்டோமோ என்ற தொனியில் பேசினார். களவு இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொலிஸில் பதிவான கடைக் களவுகள் 2024இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டின. லண்டனில் சந்திக் கடை நடத்தும் எங்கள் ஆட்களைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் பெரிய கடைக்காரர் ஆட்களைக் குறைத்து, காசாளருக்குப் பதிலாக மெஷினை வைத்து, பிறகு "களவு கூடிவிட்டது" என்று சொல்லும்போது அந்த வசனத்தின் முன்பாதியையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

எல்லாச் சாமானையும் ஒரேமாதிரிக் களவெடுப்பதில்லை. குற்றவியலாளர் ரொனால்ட் கிளார்க் 1999இல் எழுதிய ஒரு அறிக்கையில் களவாளியைக் கவரும் பொருளின் குணங்களை வரிசைப்படுத்தினார்: ஒளிக்கலாம், தூக்கலாம், கைக்கு எட்டும், பெறுமதியானது, அனுபவிக்கலாம், திருப்பி விற்கலாம். ஐம்பது கிலோ அரிசி மூட்டையை யாரும் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு போவதில்லை. சவர பிளேட், முகப்பூச்சுக் கிரீம், பால்மா, இவைதான் போகும்.

இனிக் கொஞ்சம் கணக்கு. ஆயிரம் ரூபாவுக்கு விற்கும் பால்மாப் பைக்கற்றில் கடைக்காரருக்கு 50 ரூபா மிஞ்சுகிறது என்று வையுங்கள். ஒரு பைக்கற் களவு போனால் நட்டம் 950. அதை ஈடுகட்ட 19 பைக்கற் விற்கவேண்டும். கிழமைக்கு 100 பைக்கற் விற்று 2 களவு போனால் 1,900 ரூபா போகிறது. பூட்டினால் களவு நிற்கும். ஆனால் காத்திருக்கப் பொறுமையில்லாமல் 20 பேர் வாங்காமல் போனால், அவர்களால் இழக்கும் லாபம் 1,000 ரூபா. பால்மாவுக்குப் பூட்டுக் கட்டும்.

அதே ஆயிரம் ரூபாவுக்கு 300 ரூபா மிஞ்சும் ஷம்பூவைப் பாருங்கள். இரண்டு போத்தல் களவு போனால் 1,400 நட்டம். பூட்டினதால் 20 பேர் வாங்காமல் போனால் 6,000 நட்டம். பூட்டு, களவாளியைவிடக் கூட எடுத்துவிட்டது. 20 பேர் என்பதை நான் சும்மா போடவில்லை. பாதுகாப்புக் கருவிகள் விற்கும் ஒரு அமெரிக்க நிறுவனத்தின் தலைவரே, பூட்டி வைத்தால் விற்பனை 15 முதல் 25 வீதம் வரை குறையும் என்று சொல்லியிருக்கிறார். 2025 ஜனவரியில் வோல்கிறீன்ஸின் தலைமை அதிகாரியும், பூட்டி வைத்தால் அவ்வளவு விற்பதில்லை என்று ஒத்துக்கொண்டார். சாண்டர்ஸ் மேசையை எடுத்ததால் கிடைத்த லாபத்தைப் பூட்டு திருப்பி வாங்கிக்கொள்கிறது. அதோடு, மேசைக்குப் பின்னால் நின்ற ஆளும் இப்போது இல்லை. திறப்பு வைத்திருக்கும் ஒரே பெடியன் பின்பக்கம் பெட்டி இறக்கிக்கொண்டிருப்பான்.

எங்கள் பக்கத்துக் கண்ணாடி அலுமாரி வேறு விதமாக வேலை செய்கிறது. கஸ்தூரியார் வீதி நகைக் கடையில் தட்டைப் பூட்டுக்குள்ளிருந்து எடுத்துத்தான் காட்டுகிறார்கள். ஒரு தட்டை உள்ளே வைத்துவிட்டுத்தான் மற்றதை எடுப்பார்கள். அதற்காக யாரும் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனதில்லை. ஏனென்றால் பூட்டோடு ஒரு ஆளும் கூட வருகிறார், "இருங்கோ தங்கச்சி, சோடா குடிக்கிறீங்களோ" என்று கேட்கிறார். ஆஸ்பத்திரி வீதி மருந்துக் கடையிலும் மேசைக்குப் பின்னால்தான் எல்லாம், துண்டை நீட்டுகிறோம், எடுத்துத் தருகிறார்கள். மனிசரை எரிச்சல்படுத்துவது பூட்டு அல்ல, பூட்டுக்கு முன்னால் ஆளில்லாமல் நிற்பதுதான் என்பது என் எண்ணம்.

மேசையை இவ்வளவு மெச்சிய பிறகு அதன் மற்றப் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அது களவு. மேசைக்குப் பின்னால் நிற்பவர் சாமானை மட்டும் காவல் காக்கவில்லை. யாருக்கு முதல், யாருக்குப் பிறகு, யார் உள்ளே, யார் வெளியே என்பதையும் அவர்தான் தீர்மானித்தார். குடாநாட்டின் தேத்தண்ணிக் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு வேறாக வைத்த போத்தலிலும் பேணியிலும், வெளியே நிற்கவைத்துத் தேத்தண்ணி கொடுத்தது பழங்கதை இல்லை, அதைக் குடித்தவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். 1957இலேயே சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தும் கடை மேசைகள் அசையவில்லை. 1966 ஒக்ரோபர் 21இல் சாதி ஒடுக்குமுறைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனார்கள், பொலிஸ் அடித்தது. அதற்குப் பிறகு சங்கானை உட்படப் பல இடங்களில் தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்து, உயிரும் போய்த்தான், எல்லாருக்கும் ஒரே கோப்பை என்ற நிலை வந்தது.

அப்படி வெளியே நிற்கவைக்கப்பட்டவர்களின் வீட்டுப் பிள்ளை ஒருத்தி இன்று சுப்பர் மார்க்கெட்டுக்குள் போய், யாரிடமும் கேட்காமல், யாருடைய முகத்தையும் பார்க்காமல், தன் கையால் ஒரு பைக்கற்றை எடுத்துத் திருப்பி விலை பார்த்து, வேண்டாமென்றால் திரும்ப வைத்துவிட்டு வருகிறாள். முதலாளிக்கு அது வெறும் விற்பனை உத்தி. அவளுக்கு அது அவ்வளவுதானா? திறந்த அலுமாரியைப் பூட்டும்போது போவது வசதி மட்டுமில்லை. எந்தப் பகுதிக் கடையில் முதலில் பூட்டு விழுகிறது, யாருக்குப் பின்னால் காவலாளி நடக்கிறான் என்பவை அமெரிக்காவில் கறுப்பின மக்கள் காலகாலமாகக் கேட்டுவரும் கேள்விகள். இங்கேயும் சேலையைப் பார்த்து, செருப்பைப் பார்த்துச் சந்தேகிக்கிற கண் இருக்கத்தான் செய்கிறது.

சந்தேகம் எங்கே போய் முடியும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2023இல் கொழும்பு பொரளையில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில், களவெடுத்ததாகச் சொல்லி ஒரு பெண்ணை ஊழியர்கள் சேர்ந்து அடிக்கும் காணொளி நாடெங்கும் பரவியது. கைதானவர்கள் அடித்த ஊழியர்கள். களவு தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றந்தான். ஆனால் பிடிபட்டவரைத் தாமதமில்லாமல் பொலிஸிடம் ஒப்படைக்கலாமே தவிர, அடிக்கிற உரிமை எந்தக் கடைக்கும் இல்லை.

இன்னொரு பூட்டும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத பூட்டு. 2021 ஒக்ரோபரில் விலைக் கட்டுப்பாட்டை எடுத்ததும் ஒரு கிலோ பால்மா 1,195 ரூபாவானது, 2022 மார்ச்சில் 1,945. அந்த வருடம் செப்ரெம்பரில் நாடளாவிய பணவீக்கம் 73.7 வீதம். அப்போது பால்மா அலுமாரியில் இல்லை, மேசைக்குக் கீழே இருந்தது. தெரிந்த முகத்துக்கு ஒன்று, தெரியாத முகத்துக்கு "முடிஞ்சுது". களவுக்குப் பயந்து பூட்டினால் "திறந்து தாங்கோ" என்று கேட்கலாம், இருப்பதே தெரியாவிட்டால் எதைக் கேட்பது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, வைத்துக்கொண்டு இல்லை என்பதும், விற்க மறுப்பதும், பதுக்குவதும் குற்றம். கண்ணாடிக்குப் பின்னால் பூட்டி வைப்பது குற்றமில்லை. விலை மட்டும் வாங்குபவரின் கண்ணில் படவேண்டும்.

ஊரில் சின்னக் கடை வைத்திருப்பவர்கள் "நானும் கமராவும் கண்ணாடிக் கதவும் போடவோ?" என்று கேட்பதுண்டு. மாதத்தில் ஒருநாள் கடையைச் சாத்திவிட்டுச் சரக்கை எண்ணிப் பாருங்கள் என்பேன். களவு போனது அநேகமாகப் பிளேட்டும் பால்மாவுமாக இருக்கும். அவற்றை லாச்சிக்குப் பக்கத்தில், உங்கள் முழங்கை எட்டும் இடத்துக்கு மாற்றுங்கள். உள்ளே வருகிறவரை "என்ன அக்கா வேணும்?" என்று கேளுங்கள். வாங்க வந்தவருக்கு அது மரியாதை, களவெடுக்க வந்தவருக்கு அது கமரா. மிச்ச இழப்பு எலி கடித்த பிஸ்கற், திகதி முடிந்த யோகட், வெயிலில் உருகிய சொக்லேற் என்று வரும். அவற்றையும் கழித்த பிறகு கடைசியில் ஒரு பெரிய தொகை நிற்கும். அது மேசைக்கு மேல் திறந்தபடி கிடக்கிற கடன் கொப்பியில், உங்கள் சொந்தக் கையெழுத்தில் இருக்கும்.