தஞ்சை ஆயுதசாலையும் பழந்துப்பாக்கியின் மதிப்பும்

1855ஆம் ஆண்டு இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி மறைந்தபின் தஞ்சை அரசைத் தன்வயப்படுத்திக்கொண்ட ஆங்கிலேய ஆட்சி, அரண்மனை ஆயுதசாலையில் குவிந்து கிடந்த படைக்கலங்களுள் சிறந்தவை எனக் கருதியவற்றைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றில் பெரும்பகுதியை 1863இல் உடைத்துப் பழைய இரும்பாக விற்றது. அழிவுக்குத் தப்பிய தஞ்சைக் கட்டாரிகள் எழும்பூரிலுள்ள அச்சென்னை அருங்காட்சியகத்திலும், கடல் கடந்து நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் இன்று போற்றப்படுகின்றன. படைக்கலத்தின் விலையை இரும்பின் எடையால் அளந்த அம்முடிவு தென்னிந்திய வரலாற்றுக்கு நேர்ந்த பேரிழப்பு. பரண்களில் கிடக்கும் பழந்துப்பாக்கிகளை அதே கண்ணோட்டத்தில் காயலான் கடைக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் ஒழியாமலிருப்பது வருந்தத்தக்கது.

பழந்துப்பாக்கியை இனங்காண முற்படுவோர் முதலில் நோக்கவேண்டியது, மருந்துக்குத் தீ மூட்டும் பொறியையே. கனலும் கயிற்றைக் கிண்ணியிலுள்ள மருந்தில் தாழ்த்திச் சுடுவது திரித்துப்பாக்கி. சக்கிமுக்கிக் கல்லை எஃகில் மோதவைத்துப் பொறி எழுப்புவது கல்துப்பாக்கி. 19ஆம் நூற்றாண்டில் பரவிய கேப்புத் துப்பாக்கியிலோ, குதிரை எனப்படும் சுத்தி சிறு செப்புக் குப்பியை அடித்து அதிலுள்ள வெடிப்பொருளைப் பற்றவைக்கும். எனினும் பொறியின் வகையை மட்டும் கொண்டு வயதைத் துணிந்துவிட முடியாது. ஐரோப்பா கைவிட்டு நெடுங்காலமான பின்னும் இந்தியாவில் திரித்துப்பாக்கிகள் 19ஆம் நூற்றாண்டு வரை செய்யப்பட்டன. கல்துப்பாக்கிகள் பலவும் பிற்காலத்தில் கேப்புத் துப்பாக்கிகளாக மாற்றப்பட்டன. பொறித்தகட்டைச் சாய்வெளிச்சத்தில் பார்த்தால், மருந்துக் கிண்ணியைக் கழற்றிய இடத்தில் அடைக்கப்பட்ட துளைகளின் வட்ட வடிவம் மங்கலாகத் தெரியும். அம்மாற்றத்துக்கு அதுவே சான்று.

அடுத்தவை முத்திரைகள். கிழக்கிந்தியக் கம்பெனியின் துப்பாக்கிகளில் 1808 வரை இதயவடிவக் குறியும், அதன்பின் கிரீடம் ஏந்தி நிற்கும் சிங்கமும் பொறிக்கப்பட்டன. கூடுதல் மருந்திட்டுச் சுட்டுக் குழலின் உறுதியைச் சோதித்தபின் இடப்படும் சோதனை முத்திரை வேறொன்று. 1813இல் அமைந்த பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் குறியைத் தாங்கிய குழல் அவ்வாண்டுக்கு முற்பட்டதாக இருக்க இயலாது. முத்திரைகளையும் நாட்டுக் கொல்லர்கள் போலியாக வெட்டியதுண்டு என்பதால், தலைகீழாகவோ பிழையாகவோ அமைந்த எழுத்துகள் ஐயத்துக்குரியவை. பல பாகங்கள் பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்திருப்பதும் இயல்பே: தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றில் ஐரோப்பிய வாள் அலகு, யாளி உருவங்களோடு செதுக்கிய உள்ளூர்க் கைப்பிடியில் தறையப்பட்டிருக்கிறது. அக்கலப்பைக் குறையாகக் கொள்ளாமல், கடல்வழி வணிகமும் உள்ளூர்க் கைத்திறனும் சந்தித்த தடயமாகக் கொள்வதே முறை.

ஏர் கன் என வழங்கும் காற்றுத் துப்பாக்கியில் மருந்து இல்லை. அழுத்தப்பட்ட சுருள்வில் விடுபட்டு உந்துதண்டைத் தள்ள, அது நெருக்கும் காற்று ஈய ரவையைச் செலுத்துகிறது. மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்துக் கூட்டிய சின்னம் பி.எஸ்.ஏ. நிறுவனத்துக்குரியது, வில்லை எறிந்துவிட்டுத் துப்பாக்கியை உயர்த்திய வேட்டைத் தெய்வம் ஜெர்மானிய டயானா நிறுவனத்துக்குரியது. சின்னத்தோடு வரிசை எண்ணையும் ஒப்பிட்டால் தயாரித்த காலத்தை ஏறக்குறைய கணிக்கலாம்.

மதிப்பை உயர்த்துவது பளபளப்பு அன்று. உப்புத்தாள் கொண்டு தேய்த்துக் கட்டைக்கு வார்னிஷ் பூசியவுடன், குழலின் பழுப்புப் படலத்தோடு முத்திரைகளின் விளிம்பும் மறைகிறது. சேகரிப்பாளர் தேடுவது மாற்றப்படாத பாகங்கள், பொருந்தும் எண்கள், பழைய உரிமச் சீட்டு, வாங்கிய ரசீது ஆகியவற்றையே. துருவை மெல்லிய எண்ணெய் தடவி நிறுத்தினால் போதும். வெளிநாட்டு ஏல விலையை இங்கு அளவுகோலாகக் கொள்வதும் தவறு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழுது பார்த்தாலும் சுட இயலாத பழமையான ஆயுதங்களுக்கு விலக்களிக்கிறது. சுடத்தக்கது எவ்வளவு பழையதாயினும் உரிமம் வேண்டும். 20 ஜூல் ஆற்றலையோ 4.5 மி.மீ. குழல் விட்டத்தையோ மீறும் காற்றுத் துப்பாக்கிக்கும் 2016ஆம் ஆண்டின் விதிகள் உரிமம் கோருகின்றன. ஐயம் எழுமிடத்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நாடுவதே நேரிய வழி. அதற்கு முன்பு, வாய்வழி மருந்திடும் எந்தத் துப்பாக்கியையும் நிரம்பியதாகவே கருதவேண்டும்: குழல் வாயைவிட்டு விலகி நின்று மரக்கோலை உள்ளே செலுத்தி, அது நுழைந்த ஆழத்தைக் குழலின் வெளிநீளத்தோடு ஒப்பிட்டால், பல விரற்கடை குறைவது உள்ளே பழைய மருந்தும் ரவையும் தங்கியிருப்பதைக் காட்டக்கூடும், அந்நிலையில் அதைத் தொடாது காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும்.