அருட்டுணர்வும் ஒருமுகப்பாடும்: ஊவாத் தோட்டப்புறப் புனைகதையை முன்வைத்துச் சில சிந்தனைகள்

தமிழ்ச் சங்கச் சிறுகதைப் போட்டிகளுக்கு வரும் ஆக்கங்களைப் படித்து, அவற்றை எழுதியோரோடு உரையாடும் வாய்ப்புச் சில ஆண்டுகளாக எனக்குக் கிடைத்து வருகின்றது. அவ்வுரையாடல்களிலே திரும்பத் திரும்ப எழும் முறைப்பாடுகள் இரண்டு. எழுதவேண்டும் என்னும் உந்துதல் வருவதில்லை என்பது ஒன்று. உந்துதல் வந்தபோதும் மனம் ஒன்றிலே நிலைகொள்ளாமற் சிதறிப்போகின்றது என்பது மற்றது. முன்னையதை அருட்டுணர்வு என்றும், பின்னையதை ஒருமுகப்பாடு என்றும் வசதி கருதிக் குறிப்பிடலாம். இவ்விரண்டும் தனிமனிதரின் உளப்பாங்கு சார்ந்தவை என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. அவை எந்த அளவுக்குச் சமுதாயப் பிரச்சினைகளாகவும் உள்ளன என்பதைப் பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் களமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆக்கத்திறன் மேலிருந்து இறங்குவது என்னும் நம்பிக்கை நம்மிடையே ஆழ வேரூன்றியது. திருவானைக்காவிலே அம்பிகையின் தாம்பூலத்தை வாயிலே ஏற்ற மடைப்பள்ளிப் பணியாளர் காளமேகப் புலவரானார். ஐந்து வயதுவரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூரிலே முருகனருளாற் பாடத் தொடங்கினார். இத்தகைய கதைகளைக் கருத்துமுதல்வாதம் என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவது எளிது. நமது அணியினரின் பழக்கமும் அதுவே. ஆயினும் காளமேகத்தின் கதையிலே கவனிக்கத்தக்க உண்மையொன்றுண்டு. மடைப்பள்ளியில் உழைப்பவன் பாடவேண்டுமாயின் தெய்வம் குறுக்கிட்டாலன்றி இயலாது என அக்கதையை உண்டாக்கிய சமுதாயம் கருதியது. கற்பதற்கு ஓய்வும் புரப்பதற்கு ஆளும் வாய்த்தவனுக்குத் தேவைப்படாத அற்புதம் உழைப்பவனுக்குத் தேவைப்பட்டது.

மலையகத்திலே பாட்டு அவ்வற்புதத்துக்காகக் காத்திருக்கவில்லை. கொழுந்தெடுக்கும் பெண்களும், கவ்வாத்து வெட்டுவோரும், பிள்ளையைத் தொட்டிலில் இட்ட தாயரும் பாடியவற்றைச் சி. வி. வேலுப்பிள்ளை நெடுங்காலம் சேகரித்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' (1983) எனத் தொகுத்தளித்தார். கை கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருக்க வாய் பாடலாம். வேலையின் தாளமே பாட்டின் தாளமாகலாம். உரைநடைப் புனைகதையின் நிலை வேறு. அதற்குத் தாள் வேண்டும், வெளிச்சம் வேண்டும், எவரும் குறுக்கிடாத ஒரு மணி நேரமேனும் வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் அதன் முன்னே ஓர் இஸ்தோப்பும் கொண்ட லயத்து வீட்டிலே, விடியற்காலைப் பெரட்டுக்கு எழவேண்டிய ஒருவருக்கு இம்மூன்றும் ஒருசேர வாய்ப்பது அரிது. ஒருமுகப்பாடு என்று நாம் கூறுவது உளப்பயிற்சியாக அமைவதற்கு முன்னர் இடமும் நேரமுமாக அமைகின்றது. வாய்மொழிப் பாடலிலே அத்துணை வளம்பெற்ற ஒரு மக்கட் கூட்டத்தினரிடையே நவீன சிறுகதை இருபதாம் நூற்றாண்டின் நடுக்கூற்றை அண்டியே வேரூன்றியமைக்கு, கல்வி மறுக்கப்பட்டமையோடு இதனையும் ஒரு காரணமாகச் சேர்த்தல் தகும்.

அவ்வாறாயின் எழுதியோர் யாவர்? எங்கிருந்து எழுதினர்? இங்குதான் தெளிவத்தை ஜோசப்பின் எடுத்துக்காட்டு நமக்குப் பெரிதும் உதவுகின்றது.

பதுளை மாவட்டத்தின் ஊவாக்கட்டவளைத் தோட்டத்திலே 1934ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோசப். தந்தையார் தோட்டப் பாடசாலை ஆசிரியர். இளமையிற் சில ஆண்டுகள் தமிழகத்துக் கும்பகோணத்திலே பயின்று, பின்னர் பதுளைக்கு மீண்டார். தெளிவத்தை என்பது அவர் ஆசிரியராகப் பணிபுரிந்த தோட்டத்தின் பெயர். பிற்காலத்திலே கொழும்புக்குப் பெயர்ந்து கணக்காளராகத் தொழில்புரிந்து, 2022இல் மறையும்வரை அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயரின் முன்னே தாங்கி நின்றார். ஊர்ப்பெயரைப் புனைபெயராக்கிக்கொள்வது தமிழிலே புதிதன்று. ஆனால், காணியுரிமையும் வீட்டுரிமையும் இல்லாத, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாட்டுரிமையும் இழந்த மக்களிடையே ஒருவர் தோட்டமொன்றின் பெயரைத் தம் ஊர்ப்பெயராக வரித்துக்கொண்டமை வெறும் வழக்கத்தைப் பின்பற்றிய செயல் ஆகாது. எந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு எழுதுவது என்னும் வினாவுக்கு அவர் தொடக்கத்திலேயே இறுத்த விடை அது என நான் கருதுகின்றேன்.

தோட்டப் பாடசாலை ஆசிரியரின் வர்க்க நிலை நுணுகி ஆராயத்தக்கது. அவர் மலையில் வேலை செய்பவரல்லர். துரையின் பங்களாவுக்கு உரியவருமல்லர். அக்காலத்திலே அவருக்குச் சம்பளம் வழங்கியது தோட்ட நிர்வாகம். அவர்முன் அமர்ந்திருந்தோர் லயத்துப் பிள்ளைகள். ஒரு பிள்ளை இரு நாட்கள் வரவில்லையாயின் காரணம் அவருக்குத் தெரியவரும்: தாய்க்குப் பிரசவம், தகப்பனுக்குக் குடி, சமயத்தில் துரையின் தண்டனை. தொழிலாளியின் வாழ்வை அவர் அன்றாடம் அறிகின்றார். ஆனால், அவ்வாழ்வின் உடற்களைப்பு அவரை அந்தியிலே வீழ்த்திவிடுவதில்லை. அருகிருந்தும் சற்று விலகிநிற்கும் இந்நிலையே கவனம் குவிவதற்கு இடமளித்தது. தமிழகத்திலே வால்பாறைத் தோட்டங்களின் கொடுமையை 1969இல் ஆங்கில நாவலாக்கிய பி. எச். டேனியல் தோட்ட மருத்துவராக இருந்தவர் என்பதும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. 'எரியும் பனிக்காடு' எனப் பின்னர் தமிழாக்கம் பெற்ற நூல் அது. ஆசிரியர், மருத்துவர், கிளாக்கர் ஆகிய இவ்விடைநிலையினர் எல்லோரும் எழுதிவிடவில்லை. பெரும்பாலோர் துரையின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தனர். நிலை வாய்ப்பைத் தருகின்றது. எத்திசை நோக்குவது என்பதைத் தீர்மானிப்பது சார்பு.

அச்சார்பு வாய்த்தபோது என்ன நிகழ்கின்றது என்பதற்கு 'மீன்கள்' என்னும் சிறுகதை சான்று. வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே காம்பராவில் உறங்கவேண்டியுள்ள ஒரு தம்பதியின் அவலமே அதன் பொருள். தோட்டத்து வீட்டுப் பிரச்சினை பற்றித் தொழிற்சங்க மேடைகளிலே பேசப்பட்டவை ஏராளம். ஆணைக்குழு அறிக்கைகளும் உள. அவற்றிலே அடிக்கணக்கு உண்டு, ஆட்கணக்கு உண்டு. அவ்வடிக்கணக்கு ஓரிரவிலே ஒரு மனிதனின் மானத்தை என்ன செய்கின்றது என்பதை அறிய நாம் அச்சிறுகதையிடமே செல்லவேண்டியுள்ளது. லயம், கங்காணி, சம்பளம், குடியுரிமை என எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும் என்னும் ஆவல் எழுதுவோனுக்கு இயல்பாகவே எழும். ஜோசப் அவற்றையெல்லாம் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு ஓர் அறையினுள் மட்டும் நுழைகின்றார். அறை சிறிதாகச் சிறிதாக அதனை அவ்வாறு கட்டிய அமைப்பு பெரிதாகத் தெரிகின்றது. என். எஸ். எம். இராமையாவின் புகழ்பெற்ற சிறுகதைக்கு 'ஒரு கூடைக் கொழுந்து' என்பது பெயர். ஒரு கூடை, அவ்வளவே. நிறைக்கணக்கை நம்பியே நாட்கூலி அமையும் உலகிலே அந்த ஒரு கூடைக்குள் எவ்வளவு அடங்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஒருமுகப்பாட்டுக்கு இன்னொரு புறக்காரணமும் உண்டு. அறுபதுகளிலே எஸ். எம். கார்மேகம் பொறுப்பாக இருந்த வீரகேசரியின் 'தோட்ட மஞ்சரி'ப் பகுதி மலையக எழுத்தாளருக்கெனச் சிறுகதைப் போட்டிகளை நடத்திற்று. பரிசுக்கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என நூலுருப் பெற்றன. ஜோசப்பும் அப்போட்டிகளாற் கவனம் பெற்றவரே. போட்டிக்கு முடிவுநாள் உண்டு. பத்திரிகைக்குப் பக்க அளவு உண்டு. வாசிக்கக் காத்திருப்போர் உண்டு. எழுத உந்துதல் வரவில்லை என்று இன்று என்னிடம் கூறுவோர் பலரிடம் நான் கேட்கும் கேள்வி, யார் வாசிப்பதற்காக எழுதுகின்றீர்கள் என்பதுதான். மாயாகோவ்ஸ்கி 1926இல் கவிதையாக்கம் பற்றி எழுதிய கட்டுரையிலே சமுதாயக் கட்டளை என்பதை முதல் நிபந்தனையாக வைத்தார். கட்டளை என்னும் சொல் நம்மவரிற் சிலரை அச்சுறுத்துவது. மலையகத்திலே அக்கட்டளை கட்சிச் செயலகத்திலிருந்து வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை ஒருவர் உரத்து வாசிக்கச் சூழவிருந்து கேட்டோரிடமிருந்து வந்தது.

ஈண்டு ஒரு மறுப்பு எழலாம். புதுமைப்பித்தன் இலங்கைத் தோட்டமெதனையும் நேரிற் காணாமலே 'துன்பக்கேணி'யை 1935இல் எழுதினாரன்றோ? உண்மையே. தமிழகத்துக்குத் திரும்பியோர் கொண்டுவந்த நோயும் அவமானமும் செய்தியும் அம்மேதைக்குப் போதுமானவையாக இருந்தன. எனினும், அக்கதையின் வலிமை திருநெல்வேலிச் சிற்றூரிலே தங்கியுள்ளது. தோட்டம் அதிலே ஒரு நரகம். எந்த நரகத்துக்கும் பொருந்தும் பொதுத்தன்மை அதற்குண்டு. லயத்திலே அந்திக்கு அடுப்பு மூட்டும் ஓசையும், தப்பு முழங்கும் முறையும், 1964ஆம் ஆண்டுச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் யார் போவது, யார் இருப்பது என ஒரே குடும்பத்தினர் தம்முட் குரல் தாழ்த்திப் பேசிய பேச்சும் இங்கிருந்தோர்க்கே வாய்த்தன. ஜோசப்பின் சிறுகதைத் தொகுதி 'நாமிருக்கும் நாடே' (1979) என்னும் பெயரால் பாரதியின் விடுதலைப் பாட்டை நினைவூட்டிற்று. நாடு எது என்பதே வழக்காக நின்ற மக்களிடையே அத்தொடர் வினாவாக ஒலித்தது.

இதுவரை கூறியவை நமது அணியினர்க்கு உவப்பானவையாக இருக்கலாம். இனிக் கூறவிருப்பது அத்துணை உவப்பானதன்று. வாழ்க்கையே இலக்கியத்தின் ஊற்று என்று 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றிய காலந்தொட்டு நாம் கூறி வந்துள்ளோம். அது சரியான கூற்று. ஆயின் அவ்வூற்றிலிருந்து எத்துணை கோலுவது, எப்பாத்திரத்திற் கோலுவது என்பதை நாம் போதியளவு கற்பிக்கவில்லை. மாகிரட் ஹார்க்னஸ் அம்மையாருக்கு 1888இல் எழுதிய கடிதத்திலே, ஆசிரியரின் கருத்துக்கள் எவ்வளவுக்கு மறைந்திருக்கின்றனவோ அவ்வளவுக்குக் கலைக்கு நன்று என எங்கெல்ஸ் குறிப்பிட்டதை மேற்கோள் காட்டாத விமரிசகர் நம்முள் இலர். விமரிசனம் எழுதும்போது அதனைக் கடைப்பிடித்தோரும் மிகச் சிலரே. இத்தவற்றை நானும் இழைத்துள்ளேன்.

பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைப் பகுதியின் மீரியபெத்தைத் தோட்டத்திலே 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் உயிர்தப்பினர். வீடு திரும்பியபோது வீடு இல்லை. அன்று அயற்றோட்டமொன்றிலே சிறுமியாக இருந்த ஒருவர், பின்னர் பல்கலைக்கழக மாணவியாகி, அது பற்றி ஒரு கதையெழுதி என்னிடம் தந்தார். மலை சரிவதோடு தொடங்கிய அக்கதை கூட்டமாக அழுகையோடு முடிந்தது. உணர்ச்சி மிகுந்திருந்தது, கண் எங்கும் ஊன்றவில்லை. நான் கூறிய ஆலோசனை யாதெனில், பொறுப்பாளிகள் யார் என்பதைத் தெளிவாகச் சுட்டுங்கள் என்பதே. அவர் அவ்வாறே செய்தார். இரண்டாம் வடிவிலே நிர்வாகம், அரசு, தொழிற்சங்கத் தலைமை என எல்லோரும் சரியாகச் சுட்டப்பட்டனர். கதை பத்திரிகைத் தலையங்கமாயிற்று. அதனைப் படித்தபோது தவறு அவருடையதன்று என்பதை உணர்ந்தேன்.

அடுத்த சந்திப்பிலே நான் ஆலோசனை எதுவுங் கூறாது, அன்று காலை உங்கள் வகுப்பில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று மட்டும் கேட்டேன். ஆசிரியர் வரவு எடுத்துக்கொண்டிருந்தார் என்றார். பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளியே யாரோ ஓடிவந்தார் என்றும், கூப்பிட்ட பெயருக்குரிய பிள்ளை எழுந்து நின்றபடியே இருந்தாள் என்றும், அவளை அமரச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை என்றும் கூறினார். இதை ஏன் எழுதவில்லை என்றேன். இது ஒரு கதையாகுமா என்று அவர் என்னைக் கேட்டார்.

அக்கேள்வியை நமது விமரிசனத்தின்மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டாகவே நான் கொள்கின்றேன். இடைநிலையினரின் சாளரத்தினூடாக நாம் பெற்ற மலையக இலக்கியம் அரியது. எனினும், பாடசாலைத் திண்ணையிலிருந்து தெரிந்தவை போலத் தெரியாதவையும் உள. கொழுந்தெடுக்கும் பெண்ணின் உள்ளுலகம் அவற்றுள் முதன்மையானது. அவளுடைய மகள் இன்று நமது விரிவுரை மண்டபத்திலே அமர்ந்திருக்கின்றாள். தன் கண்ணிற் பட்டது கதையாகும் என்னும் துணிவும், அதனை எழுதி முடிக்கும் நேரமும் அவளுக்கு வேண்டும். ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' நாவல் வெளிவந்தது 1974இல், 'குடைநிழல்' 2010இல். இடைப்பட்ட முப்பத்தாறு ஆண்டுகளிலே சிறுகதைகளும் குறுநாவல்களும் எழுதியதோடு, 'மலையகச் சிறுகதை வரலாறு' (2000) எழுதிப் பிறருடைய கதைகளைத் தேடித் தொகுப்பதிலும் அவர் தம் கவனத்தைச் செலவிட்டார். நாவலாசிரியர் ஒருவரின் இழப்பாக இதனைச் சிலர் கருதலாம். தமக்கு முன்னோரும் பின்னோரும் உளர் என்று அறியாத எழுத்தாளனின் கவனம் எளிதிற் கலைந்துவிடும் என்பதால், அவ்வுழைப்பை ஆக்கப் பணியின் பகுதியாகவே நான் கொள்வேன்.

மேற்குறித்த மாணவியின் கதை இப்போது மூன்றாம் முறை எழுதப்பட்டு வருகின்றது. வரவுப் பதிவேட்டோடு தொடங்குகின்றது. விடுமுறைக்கு வீடு செல்லும்போது அதனை எடுத்துச்செல்வதில்லை என்றார். காம்பராவிலே இருக்கும் ஒரே மேசையிலே தம்பி பரீட்சைக்குப் படிக்கின்றான். விடுதியின் பொது அறையிலே இரவு பத்து மணிக்குமேல் மேசையொன்று காலியாகும். தவணைக் காலத்திலே, அங்கே, வாரத்துக்கு இரண்டு பக்கம் எழுதுகின்றார்.