துண்டு போட்டு இடம் பிடிக்கும் பூஞ்சைகள்

காட்டு மண்ணுக்குள் பூஞ்சைகள் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். சரி, போடுகின்றன. அது நமக்கு எப்படித் தெரியும்? மண்ணைத் தோண்டிப் பார்த்தாலே அங்கே நடந்துகொண்டிருந்தது கலைந்துவிடுமே? கொஞ்ச நாளாக இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். பூஞ்சைகளின் சண்டையைவிட, அதை அளக்க ஆட்கள் படுகிற பாடு எனக்கு இன்னும் சுவாரசியமாக இருக்கிறது.

முதலில் பின்னணி. நம் விவசாயிகள் 'வேம்' என்று வாங்கிப் போடும் வேர்ப்பூஞ்சை வேரின் செல்லுக்குள்ளேயே நுழைந்து வாழ்வது. பைன், ஓக் போன்ற மரங்களில் இருப்பது வேறு வகை. அது மெல்லிய வேர்நுனியை உறை மாதிரி மூடிக்கொண்டு, செல்களுக்கு நடுவே மட்டும் இழைகளை ஓடவிடும். மரம் சர்க்கரை கொடுக்கும். பூஞ்சை நைட்ரஜன், பாஸ்பரஸ், தண்ணீர் கொண்டுவந்து தரும். ஒரு நுனியில் பெரும்பாலும் ஒரு பூஞ்சைக்குத்தான் இடம். ஆக, சாப்பாட்டுக்கு முன்னால் சீட்டுக்கே போட்டி.

எந்தப் பூஞ்சை எத்தனை சீட் பிடித்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மழை முடிந்ததும் மேலே முளைக்கிற காளான்களை எண்ணினால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். கலிபோர்னியாவின் கடலோரத்தில் பாயிண்ட் ரேயஸ் என்ற இடத்தில் பிஷப் பைன் காடு இருக்கிறது. அங்கே மோனிக் கார்டஸும் டாம் ப்ரன்ஸும் மேலே இருந்த காளான்களையும் கீழே இருந்த வேர்நுனிகளையும் ஒப்பிட்டு 1996-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மேலே அதிகம் முளைத்தது சூய்லஸ் பங்ஜென்ஸ். வேர்களில் பார்த்தால் அதற்குச் சொற்ப இடம்தான். மேலே அவ்வளவாகத் தலைகாட்டாத ருசுலா அமோனோலென்ஸ் கீழே ஏராளமாக இருந்தது. போஸ்டரை எண்ணி ஓட்டுக் கணக்கு போட முடியாது இல்லையா, அந்தக் கதைதான்.

சரி, டிஎன்ஏ வைத்து வேர்நுனிகளையே எண்ணிவிடுவோம். இரண்டு பூஞ்சைகள் ஒரே பிடி மண்ணில் சேர்ந்தே வருவதில்லை என்று தெரிகிறது. உடனே 'போட்டி' என்று எழுதிவிடலாமா? கூடாது. ஒன்றுக்கு மேலே இருக்கும் இலைமக்கு பிடிக்கலாம். இன்னொன்றுக்கு ஆழத்தில் இருக்கும் மண் பிடிக்கலாம். மாடி வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் சந்திக்கவில்லை என்பதாலேயே அவர்களுக்குள் பகை என்று ஆகிவிடாது.

போட்டியைக் காட்ட ஒரு வழி, தொட்டியில் வளர்த்துப் பார்ப்பது. ஒரு தொட்டியில் 'அ' மட்டும், இன்னொன்றில் 'ஆ' மட்டும், மூன்றாவதில் இரண்டும். தனியாகப் பிடித்த அளவைவிடச் சேர்ந்திருக்கும்போது குறைவாகப் பிடித்தால், அந்தக் குறைவுதான் போட்டியின் அளவு. பீட்டர் கென்னடியும் டாம் ப்ரன்ஸும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இப்படிப்பட்டதுதான். பிஷப் பைன் நாற்றுகளில் ரைசோபோகன் ஆக்சிடெண்டாலிஸ், ரைசோபோகன் சாலெப்ரோசஸ் என்ற இரண்டு நெருங்கிய உறவினர்களை மோதவிட்டார்கள். இரண்டையும் ஸ்போரிலிருந்து தொடங்கவிட்டால் ஆக்சிடெண்டாலிஸுக்கே வெற்றி. அது சீக்கிரம் வேரைப் பிடித்துவிடுகிறது. ஆனால் இரண்டும் ஏற்கெனவே வேரில் குடியேறிய நிலையில் மோதவிட்டபோது கதை மாறியது. தொடக்கத்தில் யார் அதிக நுனிகளைப் பிடித்திருந்தார்களோ அவர்கள் பக்கமே முடிவு சாய்ந்தது.

பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பலசாலிக்குச் சீட் கிடைப்பதில்லை. துண்டு முதலில் விழுந்தவருக்குத்தான். சூழலியலில் இதற்கு 'முந்தியவர் ஆதாயம்' என்று சொல்லலாம்.

இதில் அளவீட்டுச் சிக்கல் ஒன்று இருக்கிறது. இந்த இரண்டு பூஞ்சைகள் பிடித்த வேர்நுனிகளும் பார்வைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அதனால் 2007-இல் இந்தக் குழு களச் சோதனையில் ரியல் டைம் பிசிஆர் முறையை எடுத்தது. அதில் ஒவ்வொரு இனத்தின் டிஎன்ஏ எவ்வளவு இருக்கிறது என்று அளக்கலாம். பொதுவாகவே இந்த மாதிரி எண்களைப் படிக்கும்போது உஷாராக இருக்க வேண்டும். ஒரே மரபணுத் துண்டின் பிரதிகள் ஒரு இனத்தின் செல்லில் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருக்கலாம். 'அ' 1000 பிரதி, 'ஆ' 500 பிரதி என்றால் 'அ' இரண்டு மடங்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை. தனியாக இருந்த 'அ'வைச் சேர்ந்திருந்த 'அ'வோடு ஒப்பிட்டால் இந்தக் கோளாறு பெருமளவு அடிபட்டுப் போகும். தனித்தொட்டி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

அப்படியானால் மெதுவாக முளைக்கிற பூஞ்சை ஏன் இன்னும் அழியவில்லை? எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். ரைசோபோகன் மண்ணுக்கடியில் காய்க்கும். விலங்குகள் தோண்டித் தின்று எச்சத்தில் ஸ்போரைப் பரப்பும். அந்த ஸ்போர்கள் மண்ணில் சேமிப்பாகக் கிடக்கும். 1995 அக்டோபரில் பாயிண்ட் ரேயஸில் பெரிய காட்டுத்தீ வந்தது. அதன்பின் முளைத்த பைன் நாற்றுகளில் ரைசோபோகன் நிறையவே இருந்தது. மரம் எரிந்தால் சீட் எல்லாம் காலி; காத்திருந்தவர்களுக்கு வாய்ப்பு.

எவ்வளவு காலம் காத்திருக்க முடியும் என்று பார்க்க, ப்ரன்ஸும் கூட்டாளிகளும் ரைசோபோகன் ஸ்போர்களை மண்ணோடு கலந்து புதைத்திருக்கிறார்கள். திட்டக் காலம் 99 ஆண்டுகள்! தொடங்கியவர்கள் யாரும் முடிவைப் பார்க்கப் போவதில்லை. முதல் 4 ஆண்டு முடிவு 2009-இல் வந்தது. ஸ்போர்களின் வேர் பிடிக்கும் திறன் குறையவில்லை, கூடியிருந்தது.

அப்படியென்றால் புது ஸ்போர்களை வைத்துச் சில மாதம் நடத்துகிற தொட்டிச் சோதனை எதை அளக்கிறது? ஓட்டத்தின் முதல் சுற்றை மட்டும். அது பொய்யில்லை, ஆனால் முழுக்கதையும் இல்லை. இந்தப் பூஞ்சை அந்தப் பூஞ்சையை ஜெயித்தது என்று இனி எங்காவது படித்தால், நான் மூன்று கேள்வி கேட்பேன். தனியாக வைத்துப் பார்த்தார்களா? யார் முதலில் வந்தார்கள்? எத்தனை நாள் கழித்து எண்ணினார்கள்? நாற்றங்காலுக்குப் பூஞ்சைப் பாக்கெட் வாங்குபவர்களும் கேட்கலாம். ஏற்கெனவே துண்டு விழுந்த சீட்டுக்கு நாம் காசு கொடுத்து டிக்கெட் எடுத்துக்கொண்டிருக்கலாம்.